முதல் குடத்துத் தண்ணீர்

என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி எது என்று வீட்டில் சொல்ல முடியாது. சாப்பாட்டு நேரத்தில் நிச்சயமாக முடியாது. நான் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன். திண்டிவனத்திலிருந்து திருவக்கரைக்குப் போகிற பக்கம், கல் குவாரிகளுக்கு நடுவே இருக்கிற ஓர் ஊரில் எங்கள் நிலையம். கர்ப்பிணிகளுக்கு ரத்த அளவு, பெரியவர்களுக்குச் சர்க்கரை, மழைக்காலத்தில் காய்ச்சல்காரர்களின் ரத்தம், இருமுகிறவர்களின் சளி என்று நாள் ஓடிவிடும். மலப் பரிசோதனை எப்போதாவதுதான் வரும். டாக்டர் எழுதிக் கொடுத்தாலும் ஜனங்கள் கொண்டுவருவதில்லை. வெட்கம். 'மோஷன் டெஸ்ட்' என்று இங்கிலீஷில் சொன்னால் வெட்கம் பாதியாகக் குறைகிறது என்பதால் நாங்களும் அப்படியே சொல்கிறோம். மீதி வெட்கம் டப்பாவில் தெரியும். நாங்கள் கொடுக்கிற புது பிளாஸ்டிக் டப்பா வீட்டில் கடுகு போட்டு வைக்கப் போய்விடும். மாதிரி பவுடர் டப்பாவில் வரும், மருந்து மூடியில் வரும். ஒருமுறை குங்குமச் சிமிழில் வந்தது. அதைச் சுற்றி மூன்று பை, ஒரு செய்தித்தாள்.

எனக்கோ அந்தப் பரிசோதனைதான் பிடிக்கும். ரத்தத்தில் நான் எண்ணைத்தான் பார்க்கிறேன். இதில் உயிரைப் பார்க்கிறேன். கண்ணாடித் துண்டில் உப்புநீர் ஒரு சொட்டு, பக்கத்தில் அயோடின் ஒரு சொட்டு, இரண்டிலும் குச்சி முனையளவு கலந்து, மேலே மெல்லிய கண்ணாடி வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒரு மனிதர் என்ன சாப்பிட்டார், அவரோடு யார் யார் சாப்பிட்டார்கள் என்பது தெரிந்துவிடும்.

சில வருஷங்களுக்கு முன்னால், பொங்கல் முடிந்து இரண்டு வாரம் இருக்கும், ஒரு பெண் தன் ஆறு வயது மகளை அழைத்துக்கொண்டு வந்தாள். எங்கள் நிலையத்துக்கு அடுத்த ஊர்க்காரி. வானூர்ப் பக்கம் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிறவள். குழந்தையின் கைகால்கள் குச்சியாக இருந்தன, வயிறு மட்டும் ஊதியிருந்தது. காய்ச்சல் இல்லை, ரத்தமும் போகவில்லை.

“இருவது நாளா இப்டிதாங்க்கா. நாலு நாள் நிக்குது, மறுபடி புட்டுக்கினு போவுது. ஏப்பம் வுட்டா அழுவுன முட்ட நாத்தம் அடிக்குது” என்றாள்.

அதற்குள் அவர்கள் எல்லாம் செய்து பார்த்திருந்தார்கள். மாந்தம் என்று மருந்து கொடுத்தார்கள், நின்றது. பயந்திருக்கிறாள் என்று மந்திரித்தார்கள், நின்றது. திண்டிவனத்தில் ஒரு டாக்டரிடம் காட்டி சிரப் வாங்கினார்கள், அப்போதும் நின்றது. ஒவ்வொன்றும் நாலு நாள். அந்த நோயின் குணமே அதுதான், விட்டு விட்டு வரும். ஆகையால் செய்த வைத்தியமெல்லாம் கொஞ்ச நாளைக்குச் சரியான வைத்தியம்போலவே தெரிந்தது.

எங்கள் டாக்டரம்மா அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். விழுப்புரத்துப் பெண், என்னைவிடப் பத்து வயதாவது சிறியவர். கதையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு மலப் பரிசோதனை எழுதினார். மறுநாள் மாதிரி வந்தது. காலை ஆறு மணிக்கு எடுத்ததாம், என் கைக்கு வரும்போது பதினொன்று. காய்ந்து போயிருந்தது. சூடு ஆறுவதற்குள் பார்த்தால்தான் அசைகிற கிருமி அசைவதைப் பார்க்கலாம், அதனால் குழந்தையையே நாளைக்கு அழைத்து வா, இங்கேயே போகட்டும் என்றேன். அவள் முகம் சுருங்கியது. இன்னொரு நாள் வேலை கெடும். ஆனாலும் வந்தாள்.

பத்தே நிமிஷத்தில் புது மாதிரி என் மைக்ராஸ்கோப்பில் இருந்தது. உதிர்ந்த இலை காற்றில் புரண்டு புரண்டு இறங்குமே, அப்படி ஒன்று குறுக்கே போனது. பிறகு இன்னொன்று. பிறகு கூட்டமாக. அயோடின் பக்கம் பார்த்தபோது எல்லாம் நின்று, நிறம் ஏறித் தெளிவாகத் தெரிந்தன. பேரிக்காய் வடிவம், அகன்ற பக்கத்தில் இரண்டு வட்டம், கண்போல. ஜியார்டியா. படிக்கிற காலத்தில் படத்தில் பார்த்தது, வேலைக்கு வந்தபின் சில தடவைதான் பார்த்தது. இவ்வளவு கும்பலாகப் பார்த்ததே இல்லை.

என் சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல் அந்தத் தாயைக் கூப்பிட்டு, வந்து பார் என்றேன். நோயாளிகளுக்குக் காட்டும் வழக்கம் எனக்குக் கிடையாது. அன்றைக்கு என்னவோ காட்டினேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள்.

“இன்னாக்கா இது, என்னையே பாக்குது” என்றாள். கண்ணை எடுக்காமலே, “எம் பொண்ணு துன்ற சோத்த இதுங்கதான் துன்னுக்கினு இருந்துச்சா?” என்று கேட்டாள்.

ஏறக்குறைய அப்படித்தான், குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு சத்தை உள்ளே போகவிடாது என்றேன். எங்கிருந்து வந்தது என்றாள். தண்ணீர் வழியாக என்றேன். தண்ணீருக்கு எங்கிருந்து வந்தது என்றாள். அதைச் சொல்லத் தயக்கமாக இருந்தது. இன்னொருவர் வயிற்றிலிருந்துதான் வரும், வேறு வழியில்லை என்றேன். அவள் நிமிர்ந்து நின்று என்னைப் பார்த்தாள். நான் சொன்னதை அவள் முழுதாகப் புரிந்துகொண்டாள் என்பது அந்த முகத்தில் தெரிந்தது. அருவருப்பு வந்து போனது. அதற்குப் பிறகு வந்தது யோசனை.

“அப்பன்னா எந்தெருவுல நெறைய பேருக்கு இருக்கும்க்கா. பாதிப் பேரு ஏப்பம் வுட்டுக்கினுதான் கெடக்குறாங்க. டப்பா குடுங்க, நான் வாங்கியாறேன்.”

பத்து டப்பா கொடுத்தேன். ஒன்றிரண்டு திரும்பி வரும் என்று நினைத்தேன். அடுத்த திங்கட்கிழமை காலையில் ஒன்பது வந்தன. ஒவ்வொன்றின்மேலும் பிளாஸ்திரி ஒட்டி பேனாவால் எழுதியிருந்தாள்: வேப்பமரத்து வீடு, டிவி ரிப்பேர் வீடு, கொடிக்கம்பத்து வீடு, மாடி வீடு. எப்படிச் சம்மதிக்க வைத்தாய் என்று கேட்டேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்ததை அப்படியே சொன்னாளாம். கண் வைத்த புழு என்று சொன்னாளாம். ஒன்பதில் ஆறு டப்பாவில் அது இருந்தது.

ஒரு வீட்டில் ஒருவருக்கு என்றால் அது மருத்துவம், ஒரு தெருவில் இத்தனை பேருக்கு என்றால் அது வேறு வேலை என்றார் டாக்டரம்மா. யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை, வந்தவர்களுக்குப் பொதுவாக என்ன இருக்கிறது என்று தேடுகிற வேலை. அதற்கு எங்கள் சுகாதார ஆய்வாளர் வேண்டும். அவர் ஓய்வு பெற இரண்டு மூன்று வருஷம் இருந்தது. மொபெட்டில் முன்னால் ஒரு பை, பையில் குளோரின் சோதிக்கிற பெட்டி, அது இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. தண்ணீரில் இரண்டு சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாக மாற வேண்டும், மாறினால் குளோரின் இருக்கிறது. அந்த மஞ்சள் நிறத்துக்காகவே வாழ்ந்தவர் என்று சொல்லலாம். அவருடைய ஊர்களில் வாந்தி பேதி வந்து பல வருஷங்கள் ஆகின்றன என்பது அவருடைய பெருமை. நியாயமான பெருமைதான்.

அவர் அன்றைக்கே போய் அந்தத் தெருக் குழாயில் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தார். நல்ல மஞ்சள். தண்ணீரில் ஒன்றுமில்லை, பிள்ளைகள் கை கழுவுவதில்லை என்று முடித்துவிட்டார். இந்தக் கிருமி ஓடு கட்டிக்கொண்டு தண்ணீரில் கிடக்கும், சாதாரண அளவு குளோரினுக்கு லேசில் சாகாது என்று டாக்டரம்மா சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. அப்படியென்றால் இத்தனை வருஷமாக நான் போட்டதெல்லாம் எதற்கு என்று கேட்டார். காலராவும் டைபாய்டும் உங்களால்தான் இங்கே இல்லை, இது ஒன்று மட்டும் அடங்காத ஜாதி என்று டாக்டரம்மா சமாதானம் சொன்னார். அந்த வாரமே அவர் மேல்நிலைத் தொட்டியைக் காலி செய்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவவைத்து, குளோரினை இரண்டு மடங்கு போடச் சொன்னார்.

இதற்கு நடுவில் வைத்தியம் தொடங்கியது. நோய் கண்ட வீடுகளில் எல்லாருக்கும் மாத்திரை. வாய் முழுக்க இரும்பு கசப்பு கசக்கும், மாத்திரை முடிகிறவரை சாராயம் பக்கமே போகக்கூடாது, போனால் வாந்தி எடுத்து விழ வேண்டியதுதான் என்று டாக்டரம்மா ஆண்களைக் கூட்டி வைத்துக் கண்டிப்பாகச் சொன்னார். ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். கூட்டம் கலைந்தபின் மாடி வீட்டு அம்மாள் மட்டும் திரும்பி வந்தாள்.

“டாக்டரம்மா, இந்த மாத்திரய மாசம் பூரா குடுக்க முடியுங்களா?”

நாங்கள் சிரித்த சிரிப்பில் வெளியே ஊசிக்காகக் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஆனால் மாத்திரை முடிந்து மூன்று வாரத்தில் சில வீடுகளில் மறுபடியும் வந்தது. ஆகவே ஒரு புதன்கிழமை மதியம், லேபைப் பூட்டிவிட்டு, ஆய்வாளரும் நானும் நோட்டோடு அந்த ஊருக்குப் போனோம். இரண்டே தெரு. மேலத்தெரு மேட்டில், கீழத்தெரு பள்ளத்தில். இரண்டுக்கும் ஒரே தொட்டி, தண்ணீர் திறந்துவிடுகிற ஒரே ஆபரேட்டர், ஒரே குளோரின். மேலத்தெருவில் ஒருவருக்கும் இல்லை. கீழத்தெருவிலும் எல்லா வீட்டிலும் இல்லை. வீடு வீடாகக் கேட்டு எழுத எழுத ஒன்று தெரிந்தது. நோய் வந்த வீடுகளில் பெரும்பாலும் பெண்கள் வேலைக்குப் போகிறவர்கள். குவாரிக்கு, கட்டடத்துக்கு, புதுச்சேரிப் பக்கம் கம்பெனிக்கு. வீட்டிலேயே இருக்கிற பெண்களின் வீடுகள் அநேகமாகத் தப்பியிருந்தன.

ஆய்வாளர் தலையாட்டினார். “வேலைக்குப் போற பொம்பளைங்க வூட்ல கவனிப்பு கொறைச்சல்தாம்மா. எழுதிக்குங்க.”

எழுதினேன். நானும் வேலைக்குப் போகிறவள்தான். காலையில் எழுந்து சமைத்து, மகனைப் பள்ளிக்கு அனுப்பி, பஸ் பிடித்து வருகிறவள். கோபம் கோபமாக வந்தது. ஆனால் நோட்டில் இருந்த கணக்கு அவர் பக்கம் இருந்தது.

வேப்பமரத்து வீட்டில் உட்காரச் சொன்னார்கள். அந்த வீட்டுப் பெண் குவாரி கேன்டீனில் சமைக்கிறவள், அன்று விடுப்பு. டீ போடட்டுமா என்றாள். அது எங்களுக்குத் தவக்காலம். முகையூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள் நான். சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு தவக்காலத்துக்கும் ஏதாவது ஒன்றை விட்டுவிடுவது வழக்கம். அந்த வருஷம் டீ, காபி. அதனால் வேண்டாம் என்றேன். அவள் விடவில்லை. வெயிலில் வந்திருக்கிறீர்கள் என்று மோர் கலக்கி, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, பெரிய டம்ளரில் கொண்டுவந்தாள். பையில் என் பாட்டில் இருந்தது. ஆனாலும் கொடுத்த மோரைக் குடிக்காமல் வருவது எப்படி? குடித்தேன். நன்றாக இருந்தது. ஆய்வாளர் டீ குடித்தார்.

பத்து நாள் கழித்து என் வயிறு பேசத் தொடங்கியது. முதலில் உப்புசம். பிறகு ஏப்பம். அந்த ஏப்பத்தை நான் கேள்வியால் அறிந்திருந்தேன், இப்போது அனுபவத்தால் அறிந்தேன். விரதம் இருந்தால் இப்படித்தான் என்றார் என் கணவர். அவர் திண்டிவனத்தில் டூவீலர் பட்டறை வைத்திருக்கிறார். எல்லாக் கோளாறுக்கும் காரணம் ஆயில் குறைவது என்று நம்புகிறவர். மறுநாள் நிலையத்துக்குப் போனதும் டப்பாவை நானே எடுத்தேன், நானே கொடுத்தேன், நானே வாங்கினேன், ரிஜிஸ்டரில் என் பெயரை நானே எழுதினேன். மைக்ராஸ்கோப்பில் குனிந்தபோது அவை இருந்தன. இலை இலையாகப் புரண்டுகொண்டு, இரண்டு கண்ணோடு.

எனக்கு வந்தது துக்கம் இல்லை. சொன்னால் பைத்தியம் என்பீர்கள். எழுந்து டாக்டரம்மா அறைக்கு ஏறக்குறைய ஓடினேன். ஏனென்றால் நான் ஒரு சாட்சி. திண்டிவனத்தில் குடியிருக்கிறேன், எங்கள் வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் எடுத்து வருகிறேன். அந்த ஊரில் நான் வாயில் வைத்தது ஒரே ஒரு டம்ளர் மோர்தான். என்றைக்கு வைத்தேன் என்பது தெரியும், எந்த வீட்டில் என்பது தெரியும். அதற்கு ஒரு மாதம் முன்பே தொட்டியைக் கழுவி இரட்டைக் குளோரின் போட்டாயிற்று. வீட்டில் கணவருக்கும் மகனுக்கும் பார்த்துவிடுங்கள் என்றார் டாக்டரம்மா. பார்த்தேன். கணவர் தன் டப்பாவைக் கொடுக்கும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். இருவருக்கும் ஒன்றும் இல்லை.

ஆய்வாளரிடம் சொன்னபோது அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் பையில் இருந்த பெட்டியின் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

“அப்டின்னா தொட்டில இல்லம்மா. வழில இருக்குது” என்றார்.

வேப்பமரத்து வீட்டுக்குப் போன் செய்து, அன்று மோருக்கு ஊற்றியது எப்போது பிடித்த தண்ணீர் என்று கேட்டோம். காலையில் பிடித்த முதல் குடம் என்றாள். தான் கொடுத்த மோரால் எனக்கு வந்தது என்று தெரிந்ததும் அழுதுவிட்டாள். நீ கொடுத்த மோர்தான் உங்கள் தெருவைக் காப்பாற்றப் போகிறது என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை.

மறுநாள் விடிவதற்குள் ஆய்வாளர் கீழத்தெருவில் நின்றிருக்கிறார். ஆபரேட்டர் வால்வைத் திறக்கும் முன்பே குழாயடியில் நின்று, வந்த முதல் தண்ணீரைப் பிடித்திருக்கிறார். லேசான கலங்கல். மருந்து விட்டால் மஞ்சள் இல்லை, நிறமே இல்லை. ஐந்து நிமிஷம் கழித்துப் பிடித்தால் தெளிவான தண்ணீர், நல்ல மஞ்சள். இத்தனை நாளும் அவர் எட்டு மணிக்கு மேல், குழாய் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது வந்து பிடித்தது அந்த இரண்டாவது தண்ணீரை. சோதனையும் பொய் இல்லை, நோயும் பொய் இல்லை.

நேராக லேபுக்கு வந்தார். சொல்லி முடித்துவிட்டு நோட்டை எடுக்கச் சொன்னார்.

“மொத கொடம் புடிக்கறது யாரு? அஞ்சரைக்கு எழுந்து தண்ணி புடிச்சு வச்சுட்டு வேலைக்கு ஓடுறவங்க. வூட்ல இருக்குறவங்க ஏழு மணிக்கு மேல நிதானமா புடிக்கிறாங்க. அன்னிக்கு நான் ஒண்ணு சொன்னேன் பாருங்க, கவனிப்பு கொறைச்சல்னு. அத அடிச்சுடும்மா.”

அவர் முன்னாலேயே அடித்தேன். ஒரே கோடு, அழுத்தமாக. தெருவில் அதிகம் பாடுபட்டவள் எவளோ அவள் வீட்டுக்குத்தான் நோய் முதலில் போயிருக்கிறது. சித்தாள் பெண்தான் அந்தத் தெருவில் எல்லாருக்கும் முன்னால் எழுகிறவள். அவள் மகள்தான் முதலில் படுத்தாள்.

வழியில் எங்கே என்பது அடுத்த கேள்வி. ஐப்பசி மழைக்கு முன்னால்தான் கீழத்தெருவுக்குப் புது சிமெண்ட் ரோடு போட்டிருந்தார்கள். குழாய் அதன் ஓரமாகச் சாக்கடையை ஒட்டிப் போகிறது. குழாய் நன்றாக இருக்கிறது, புது ரோட்டை உடைக்க முடியாது என்று ஆபரேட்டர் சொன்னார். அந்த வாரக் கடைசியில் சித்தாள் பெண் மகளின் மறு பரிசோதனைக்கு வந்தாள். டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போகாமல் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

“அக்கா, ஒண்ணு சொன்னா எம் பேரு வராம பாத்துக்குவீங்களா?”

ரோடு போட்டபோது அவள் அங்கே வேலை செய்திருக்கிறாள். பள்ளம் எடுத்த மிஷின் ஓரிடத்தில் குழாயை இடித்துப் பிளந்துவிட்டது. அப்போதைக்கு சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டி மண்ணைத் தள்ளிவிட்டார்கள். அந்த வேலைக்கு மேஸ்திரியாக இருந்தவர்தான் வருஷம் முழுக்க அவளைக் கட்டட வேலைக்குக் கூப்பிடுகிறவர். அவரைக் காட்டிக்கொடுத்தால் வேலை போய்விடும். சொல்லாமல் இருந்தால் மகள் வயிறு போய்க்கொண்டே இருக்கும். இரண்டு நாள் தூங்கவில்லை என்றாள். பெயர் வராது என்று நான் வாக்குக் கொடுத்தேன்.

பஞ்சாயத்தில் பேசி, இரண்டு ஆள் கடப்பாரையோடு வந்தார்கள். நானும் போயிருந்தேன். யாரோ சொன்னார்கள் என்று சொல்லி, விளக்குக் கம்பத்துப் பக்கம் என்று காட்டினேன். அவள் சொன்னதை நான் அரைகுறையாகப் புரிந்துகொண்டிருக்கிறேன். முதல் குழியில் குழாய் நன்றாக இருந்தது. பத்தடி தள்ளி இரண்டாவது குழி, அங்கேயும் நன்றாக இருந்தது. புது ரோட்டை நாசம் பண்ணுகிறார்கள் என்று முணுமுணுப்பு தொடங்கியது. மேஸ்திரியும் அதே ஊர்தான், கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். ஆய்வாளர் என்னைப் பார்த்தார்.

அப்போது அவள் வீட்டிலிருந்து வெளியே வந்தாள். அன்று வேலைக்குப் போகவில்லை. கீழே கிடந்த செங்கல் துண்டை எடுத்துக்கொண்டு கொடிக்கம்பத்தைத் தாண்டி நடந்தாள். சிறு பாலத்துக்கு முன்னால் குனிந்து ரோட்டோரத்தில் ஒரு கோடு போட்டாள்.

“இங்க தோண்டுங்க சார். டியூப்ப சுத்துறதுக்கு சணல் எடுத்துக் குடுத்ததே நாந்தான்.”

ஆட்கள் தோண்டினார்கள். முழங்கால் ஆழத்தில் கறுப்பாக ரப்பர் தெரிந்தது. சணல் மக்கிப்போய், டியூப் தளர்ந்து, சாக்கடைத் தண்ணீர் அதைச் சுற்றித் தேங்கியிருந்தது. சாக்கடைக்கு மேல் பக்கத்து இரண்டு வீட்டுக் கக்கூஸ் குழி வழிவதும் தெரிந்தது. தண்ணீர் ஓடும்போது பிளவு வழியாக வெளியே கசிந்திருக்கிறது. வால்வை மூடியதும் குழாய் வற்றும்போது அதே பிளவு சாக்கடையை உள்ளே உறிஞ்சியிருக்கிறது. மறுநாள் காலை முதல் குடத்தில் அது வந்திருக்கிறது.

நான் மேஸ்திரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் குழி ஓரத்தில் வந்து உட்கார்ந்து எட்டிப் பார்த்தார். “ரெண்டு நாள்ல மாத்திடலாம்னுதான் கட்டுனோம். மழ புடிச்சுக்கிச்சு, அப்புறம் மறந்தே பூட்டோம்” என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். அன்று சாயங்காலத்துக்குள் அந்த இடத்தில் புதுக் குழாய் வைத்து, சாக்கடையிலிருந்து விலக்கி, சுற்றிலும் கான்கிரீட் போட்டதெல்லாம் அவர் கையால்தான்.

இருந்தாலும் இரண்டு வாரம் அவளை அவர் வேலைக்குக் கூப்பிடவில்லை. அந்த இரண்டு வாரமும் அவள் வேறிடத்தில் களை எடுக்கப் போனாள். எனக்கு மனசு சரியில்லை. நான் கொடுத்த வாக்கை நான் உடைக்கவில்லை, அவளேதான் உடைத்தாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஆறுதலாக இல்லை. மூன்றாவது வாரம் அவர் ஆள் அனுப்பினார். அவளைப்போல் பூச்சுக்குக் கலவை போடுகிறவள் கிடைக்கவில்லையாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமை, நோயைக் கண்டுபிடித்ததைப் பற்றிப் பேசும்போதுகூட இருந்ததில்லை.

கீழத்தெருவில் எல்லாருக்கும் மறுபடி மாத்திரை கொடுத்தோம். நானும் சாப்பிட்டேன். வாய் கசந்தது, வயிறு அடங்கியது, பசி என்றால் அப்படியொரு பசி. பிறகு டப்பாக்கள் வந்தன. வெட்கமெல்லாம் எப்போதோ போயிருந்தது, பஸ்ஸில் என்னைப் பார்த்தால் அங்கேயே கைப்பையிலிருந்து எடுத்து நீட்டுவார்கள். சித்திரை போய் வைகாசி வருவதற்குள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. இந்தக் கிருமி ஒரு நாள் தெரியும், ஒரு நாள் தெரியாது. மூன்று தடவை பார்த்து மூன்றிலும் இல்லையென்றால்தான் இல்லை என்று எழுதலாம். அந்தக் குழந்தையின் மூன்றாவது மாதிரியில் முக்கால் மணி நேரம் தேடினேன். கோதுமைத் தோல் இருந்தது, முருங்கைக்கீரை நார் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. குழந்தை ஒன்றரைக் கிலோ ஏறியிருந்தாள். எடை மெஷினைவிட்டு இறங்க மறுத்து இரண்டு தடவை ஏறி நின்றாள்.

ஆய்வாளர் அதன்பின் தன் ஊர்களிலெல்லாம் விடிகாலைத் தண்ணீரைப் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தார். இன்னும் இரண்டு ஊரில் இரண்டு கசிவு கிடைத்தது, ஜனங்கள் நோயில் படுப்பதற்கு முன்பே அடைத்தார்கள். என்னைக் கண்டால், வயித்த பணயம் வச்சு வேலை பாத்த அம்மா என்று புதிதாக வருகிற நர்ஸுகளுக்கு அறிமுகம் செய்வார். எனக்கு அது பிடித்திருந்தது, வேண்டாம் என்று சொன்னதில்லை.

குழந்தையின் அறிக்கை எழுதிய அன்று மதியம் அவர் தன் நிலத்தில் பிடுங்கிய மல்லாட்டையை, வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம், ஒரு பை நிறைய மண்ணோடு கொண்டுவந்து மேஜையில் வைத்தார். டாக்டரம்மா, நான், மருந்து கொடுக்கிற அம்மா எல்லாரும் பின்பக்கக் குழாயில் அலசி, உப்புப் போட்டு வேகவைத்தோம். நோயாளிகள் போய்விட்ட நேரம். சூடாகவே உரித்து உரித்துத் தின்றோம். தோல் மேஜைமேல் குவிந்தது. நிலையத்துக்கு வெளியே குவாரி லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. டாக்டரம்மா எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, மீதி இருந்ததை நாலு பங்காகப் பிரித்தார்.